நான் கட்டிய நகரம் வேலை செய்தது

இயந்திரங்கள் ஆளும் ஊர்களைப் பற்றிக் கதை எழுத வந்திருக்கும் உங்களுக்கு, என் அனுபவத்திலிருந்து நாலு வார்த்தை சொல்லும்படி கேட்டிருக்கிறார்கள். நான் எழுதுவதை விட்டுப் பல வருஷம் ஆகிறது. ஓரிடத்தில் உட்கார்ந்து நிதானமாகப் பேசுவது எனக்கு என்றைக்குமே வந்ததில்லை. இதைக்கூட நாலு வரிக்கு ஒரு முறை எழுந்து ஜன்னல் வரை போய்விட்டு வந்துதான் எழுதுகிறேன். கட்டுரை மாதிரி ஒழுங்காக இருக்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் அனுப்பிய கதைகளைப் படித்தேன். எல்லாவற்றிலும் ஒரு நகரம் இருக்கிறது. மேலே ஒரு பெரிய இயந்திரம், கீழே எண் குத்திய மனிதர்கள். நகரத்தை நன்றாகவே கட்டுகிறீர்கள். கதவு எப்போது திறக்கும், யார் யாரை வேவு பார்ப்பார்கள், தப்ப நினைப்பவன் எந்த இடத்தில் மாட்டுவான் என்பதெல்லாம் கச்சிதமாக இருக்கிறது. அந்தக் கச்சிதத்தைப் பார்க்கும்போதுதான் நான் எழுந்து ஜன்னலுக்குப் போய்விடுகிறேன். நான் கட்டிய நகரங்களில் ஒன்று நிஜமாகவே வேலை செய்தது. அதை உங்களிடம் சொல்லிவிட வேண்டும்.

எழுபதுகளின் கடைசி வருஷங்கள். கொச்சித் துறைமுகத்தை ஒட்டிய மட்டாஞ்சேரியில் சுக்கு ஏற்றுமதி செய்யும் ஒரு கோடவுனில் எழுத்தராக இருந்தேன். எங்கள் குடும்பம் தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தது. வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம். பள்ளிக்கூடத்தில் படித்ததும் மலையாளம்தான். தமிழ் எழுதப் படிக்க வாரப் பத்திரிகைகளைப் பார்த்து நானாகக் கற்றுக்கொண்டேன். அந்தத் தமிழை வைத்துக்கொண்டு சென்னையில் ஒரு வாரப் பத்திரிகைக்குத் தொடர்கதை எழுதும் அளவுக்கு எனக்குத் துணிச்சல் இருந்தது.

தொடரின் பெயர் ‘நிமிட நகரம்’. வருங்காலத்தில் ஓர் ஊர். அதைப் பெருங்கணக்கன் என்ற இயந்திரம் ஆள்கிறது. மனிதர்களின் ஒவ்வொரு நிமிடத்தையும் அது எண்ணுகிறது. இவ்வளவுதான் கையில் இருந்தது. மீதியை வாரா வாரம் கண்டுபிடிக்க வேண்டும். வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் அத்தியாயம் எர்ணாகுளம் ரயில் நிலையத்தில் தபால் பெட்டிக்குப் போயாக வேண்டும். கோடவுன் வேலை முடிந்து படகுத் துறைக்கு ஓடி, படகில் நின்றுகொண்டே கடைசிப் பக்கத்தை எழுதி முடிப்பேன். மூட்டை அடுக்கின்மேல் காகிதத்தை வைத்து எழுதிய அத்தியாயங்களும் உண்டு. பத்திரிகை ஆபீஸில் என் கையெழுத்துப் பிரதியில் சுக்கு வாசனை அடிக்கும் என்று கேலி செய்வார்களாம்.

பத்திரிகை ஆசிரியரை வாழ்நாளில் இரண்டு தடவைதான் நேரில் பார்த்திருக்கிறேன். அவர் எனக்குக் கற்றுக்கொடுத்ததெல்லாம் போஸ்ட் கார்டில்தான். நாலாம் அத்தியாயம் போன பிறகு ஒரு கார்டு வந்தது. “உங்கள் இயந்திரம் நன்றாக முழங்குகிறது. என்ன செய்கிறது என்றுதான் தெரியவில்லை” என்று எழுதியிருந்தார். நல்ல மூக்குடைப்பு. மூன்று நாள் பஜார் தெருவில் மேலும் கீழுமாக நடந்தேன். அப்போதுதான் அந்தப் பலகை எனக்குத் தோன்றியது.

எட்டாம் அத்தியாயத்தில் வருகிறது. வேலைக்கூடத்தின் வாசலில் ஒரு பலகை. அதில் ஆணிகள். ஒவ்வோர் ஆணியிலும் ஒரு தொழிலாளியின் எண் போட்ட தகடு. வெளியே போகிறவர் தன் தகட்டைக் கழற்றிக் கையில் கொண்டுபோக வேண்டும். கழற்றிய நொடியில் நிமிடம் ஓட ஆரம்பிக்கும். ஒரு நாளைக்கு இரண்டு தடவை, தடவைக்குப் பத்து நிமிடம். மீறினால் ஒரு சிவப்புக் கோடு. வாரத்தில் மூன்று கோடு விழுந்தால், மறு வாரம் காலையில் வந்து பார்க்கும்போது பலகையில் அவருடைய தகடு இருக்காது. யாரும் திட்ட மாட்டார்கள், யாரும் விரட்ட மாட்டார்கள், தகடு இருக்காது, அவ்வளவுதான். அந்த வரியை எழுதிவிட்டு என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

ஆசிரியரிடமிருந்து கார்டு வந்தது. “நன்று. ஆனால் ஒருவர் தகட்டை இன்னொருவர் எடுத்துப் போனால்? இரண்டு பேர் சேர்ந்து போனால்? ஓட்டைகளை அடையுங்கள்.” ஒன்பதாம் அத்தியாயத்தில் எல்லா ஓட்டைகளையும் அடைத்தேன். ஒரே நேரத்தில் ஒரு தகடுதான் வெளியே இருக்கலாம் என்று வைத்தேன். நோயாளி, கிழவர் என்று யாருக்கும் விதிவிலக்கு கிடையாது, ஒரு விதிவிலக்கு வந்தால் பலகை செத்துவிடும் என்று பெருங்கணக்கன் வாயாலேயே சொல்ல வைத்தேன். வாசகர் கடிதங்கள் வந்து குவிந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை.

எங்கள் கோடவுனில் சுக்கு தெரிவு செய்ய இருபத்திரண்டு பெண்கள் இருந்தார்கள். தினக் கூலி. காலையில் வந்து முற்றத்தில் வரிசையாக உட்கார்ந்தால், முறத்தில் போட்டுப் புடைத்து, சொத்தையை நீக்கித் தரம் பிரித்துக்கொண்டே இருப்பார்கள். சுக்குத் தூசி தொண்டையில் இறங்கினால் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பெண்களுக்குக் கோடவுனில் கழிப்பறை கிடையாது. எதிர்ச் சந்தில் ஒரு வீட்டின் பின்பக்கம் போய்வருவார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பத்திரிகை வந்த வாரமெல்லாம் அவர்களுக்கு என் தொடரை வாசித்துக் காட்டுவேன். பாதிப் பேருக்குத் தமிழ் அரைகுறை, ஆனாலும் கேட்பார்கள்.

மேனேஜரும் என் வாசகர்தான். கோயம்புத்தூர்க்காரர். அவரை நீங்கள் வில்லனாகக் கற்பனை செய்தால் இந்தக் கதையை நான் சொல்லியே பிரயோஜனமில்லை. ஒரு சுமைக்காரருக்குக் காய்ச்சல் கண்டபோது ரிக்ஷா வைத்துத் தானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனவர் அவர். எட்டாம், ஒன்பதாம் அத்தியாயங்கள் வந்த பிறகு ஒரு நாள் என்னை அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் இரண்டு இதழ்களும் இருந்தன. ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டிருந்தார்.

“மூணு தடவ படிச்சேன். என்ன மூளைங்க உங்களுக்கு” என்றார். “ஒருத்தன் கத்த வேண்டியதில்ல, மொறைக்க வேண்டியதில்ல. பலகையே பாத்துக்குது.”

“அது கதை சார்” என்றேன்.

“கதைதான். ஆனா போன தடவ சரக்கு தயாராகாம கப்பல விட்டோம். இந்தத் தடவயும் விட்டா என் வேல போயிரும். இந்தப் பொம்பளைங்க வெளிய போனா அரை மணி நேரம் வர்றதில்ல. சொல்லிச் சொல்லி என் தொண்டதான் வத்துது. தச்சனைக் கூப்பிட்டுப் பலகைக்குச் சொல்லிட்டேன். தகரத்துல நம்பர் வெட்டச் சொல்லியாச்சு. மெஷின் இல்ல, அதனால நேரத்த எழுத ஒரு ஆள் வேணும். நீங்களே எழுதிருங்க. உங்களவிட யாருக்குத் தெரியும்?”

உண்மையைச் சொல்கிறேன், முதல் அரை நிமிடம் எனக்குப் பெருமையாக இருந்தது. நான் காகிதத்தில் நினைத்த ஒன்றைத் தச்சன் செய்யப்போகிறான் என்ற பெருமை. பிறகுதான் முற்றத்துப் பெண்கள் நினைவுக்கு வந்தார்கள். வேண்டாம் சார் என்று சொல்ல வாய் வரவில்லை. எனக்கும் அந்த வேலை வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை பலகை வந்துவிட்டது. இருபத்திரண்டு ஆணி, இருபத்திரண்டு தகரத் தகடு. வாசலில் எனக்கு ஒரு மேசை, ஒரு நோட்டு, எதிரே சுவர்க் கடிகாரம். முதல் நாள் பெண்கள் சிரித்தார்கள். தகட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒருத்தி ஆடிக்கூடக் காட்டினாள். இரண்டாம் நாள் சிரிப்பு இல்லை. ஒருத்தி போய்த் திரும்பினால்தான் அடுத்தவள் போகலாம் என்பதால் வாசலில் எப்போதும் நாலு பேர் கால் மாற்றி நின்றார்கள். நான் நிமிர்ந்து பார்க்காமல் கடிகாரத்தையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தேன்.

யூனியன்காரர் வராமல் இல்லை. ஊர் கொச்சி அல்லவா, மூன்றாம் நாளே வந்தார். மேனேஜரோடு ஒரு மணி நேரம் பேசினார், இருவரும் சாயா குடித்தார்கள். இரண்டு தடவை என்பது மூன்று தடவை ஆனது. பத்து நிமிடம் பன்னிரண்டு ஆனது. வெற்றி என்று சொல்லிவிட்டுப் போனார். பலகை அப்படியே இருந்தது.

இப்போது மாடத்தியக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பது வயதிருக்கும். அவரும் எங்களைப் போலத் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பம், பிறந்தது வளர்ந்தது எல்லாம் மட்டாஞ்சேரி. பலகை வந்த முதல் வாரம் முடிவதற்குள் அவர் பெயரில் இரண்டு சிவப்புக் கோடு விழுந்துவிட்டது. சனிக்கிழமை வேலை முடிந்ததும் என் மேசைக்கு வந்தார்.

“தம்பி, இது நீங்க வாசிச்சீங்களே, அந்தக் கதையில உள்ளதுதானே?”

“ஆமாக்கா.”

“அன்னிக்கே நெனச்சேன், இவ்வளவு வெவரமா எழுதுறீங்களேன்னு.” கோபமாகச் சொல்லவில்லை. “எனக்குச் சக்கர இருக்கு. தண்ணி நெறையக் குடிக்கணும்னு ஆஸ்பத்திரியில சொல்லியிருக்கு. குடிச்சா போகணும். அஞ்சு தடவ, ஆறு தடவ போகணும். நான் என்ன செய்யட்டும்?”

பலகையைச் செய்தது நானில்லை, எழுதியதுதான் நான் என்பது போல ஏதோ உளறினேன். அவர் கேட்டுக்கொண்டு நின்றார்.

“எங்க வீட்டுக்காரரு துறைமுகத்துல சாப்பாவுக்கு நின்ன ஆளு. தெரியுமில்ல சாப்பா?”

தெரியும். மட்டாஞ்சேரியில் யாருக்குத் தெரியாது. எங்கள் காலத்துக்கு முன்பு துறைமுக வேலைக்கு ஆள் எடுத்த முறை அது. மூப்பன் என்கிற மேஸ்திரி ஒரு கை உலோக வில்லைகளைக் கூட்டத்துக்கு நடுவே வீசி எறிவான். அடித்துப் பிடித்து யார் பொறுக்குகிறார்களோ அவர்களுக்கு அன்றைக்கு வேலை. போராடித்தான் அதை ஒழித்தார்கள்.

“அந்தத் தள்ளுல அவருக்கு ரெண்டு வெரலு போச்சு. அப்புறம் நடுவும் போச்சு, இடுப்பு நிமிராது, இப்ப வீட்லதான் இருக்காரு. ஆனா வில்லய எறிஞ்சவன் பேரு இன்னிக்கும் அவருக்குத் தெரியும். வழியில கண்டா காறித் துப்புவாரு” என்றார் மாடத்தியக்கா. “உங்க கதையில அந்த மெஷின யாரு கொண்டாந்து வெச்சதுன்னு எங்கயுமே இல்லியே தம்பி. அந்த ஊருக்காரங்க யாரப் பாத்துத் துப்புவாங்க?”

பத்து அத்தியாயம் எழுதியிருந்தேன். அந்தக் கேள்வி எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. இயந்திரத்துக்கு முதலாளி இல்லை என்பதுதான் அந்தக் கதையின் பயங்கரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது சோம்பேறித்தனம் என்று இப்போது தோன்றுகிறது. உங்கள் கதைகளிலும் அந்தச் சோம்பேறித்தனத்தைப் பார்க்கிறேன். இயந்திரத்தின் பல்சக்கரத்தை நாலு பக்கம் வர்ணிக்கிறீர்கள், அதை வாங்கி வந்தவனுக்கு ஒரு பெயர்கூட வைப்பதில்லை.

மறு வாரம் மாடத்தியக்கா தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். பக்கத்தில் இருந்த பெண்கள்தான் வந்து சொன்னார்கள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் முறத்தைக் கீழே வைத்துவிட்டுத் தூணில் சாய்ந்துவிட்டார். “ஒண்ணுமில்ல, தல கறங்குது” என்றார். உதடெல்லாம் வெடித்திருந்தது. மேனேஜரிடம் ஓடினேன்.

“அவங்களுக்கு மட்டும் விட்டுக்கொடுங்க சார். நோயாளி.”

அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். எழுந்து ஜன்னல் வழியாக முற்றத்தை எட்டிப் பார்த்தார். “எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு. ஆனா ஒருத்தருக்கு விட்டா நாளைக்கு எல்லாருக்கும் சக்கர வந்துரும். நீங்களே எழுதியிருக்கீங்களே, விதிவிலக்கு வந்தா பலகை செத்துரும்னு. ரொம்பச் சரியான வரிங்க அது.”

என் ஓட்டையை நானே அடைத்திருந்தேன். வாதாட ஒரு இடுக்கு வைக்கவில்லை. வேறு எந்தத் தொழிலிலும் இப்படி ஒருவன் மாட்டிக்கொள்ள முடியுமா என்று தெரியவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் பெண்கள் நாலைந்து பேர் என் மேசையைச் சுற்றி நின்றார்கள். முன்னால் தகட்டைக் கழுத்தில் மாட்டி ஆடிய பெண்தான் பேசினாள். பிலோமினா என்று பெயர். “எனக்கு ஒரு நாளைக்கு ஒரு தடவை போனா மதி, அது போதும். பாக்கி ரெண்டு தடவைய அக்கா பேருக்குக் கொடுங்க. நோட்டுல என் நம்பர எழுதிக்குங்க.” இன்னொருத்தி தனக்கும் ஒன்று மிச்சம் என்றாள். அப்படியே வரிசையாகச் சொன்னார்கள்.

மறு நாளிலிருந்து அப்படித்தான் செய்தேன். மாடத்தியக்கா வெளியே போவார், கையில் பிலோமினாவின் தகடு இருக்கும். நோட்டில் பதினேழாம் நம்பர் என்று எழுதுவேன். அடுத்த தடவை நாலாம் நம்பர். முற்றத்தில் இருபத்திரண்டு பேருக்கும் தெரியும், யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் மறுபடியும் தண்ணீர் குடித்தார். மேனேஜர் வாரக் கடைசியில் நோட்டைப் பார்த்துவிட்டு, யாருக்கும் கோடு விழவில்லை என்று சந்தோஷப்பட்டார். வேலையும் ஓடியது. அப்படியே விட்டிருந்தால் கப்பல் வந்து போயிருக்கும், பலகையும் மெல்ல மறந்துபோயிருக்கும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

நான் விடவில்லை.

அடுத்த வியாழக்கிழமைக்கு அத்தியாயம் இல்லை. மண்டை காலி. பகல் முழுக்க அந்த நோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தவனுக்கு வேறென்ன எழுத வரும்? நிமிட நகரத்தில் ஒரு பெண்ணுக்கு நோய். மற்றவர்கள் தங்கள் மிச்ச நிமிடங்களை அவளுக்குக் கொடுக்கிறார்கள். பெருங்கணக்கனின் எழுத்தன் ஒருவன் எண்ணை மாற்றி எழுதுகிறான். படகு ஏறுவதற்குள் பாதி, படகில் மீதி. அவ்வளவு வேகமாக நான் எழுதியதே இல்லை. தபாலில் போட்டேன். திரும்பி வரும் படகில் நடுக்காயலில் வைத்துத்தான் உறைத்தது. மேனேஜர் வாரா வாரம் படிக்கிறவர்.

சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு மறுபடியும் எர்ணாகுளம் போனேன். கோடவுன் டெலிபோனைத் தொட முடியாது. தந்தி ஆபீஸில் சென்னைக்கு டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு இரண்டு மணி நேரம் அந்த வராந்தாவில் நடந்தேன். எனக்குப் பிறகு வந்தவர்களெல்லாம் பேசிவிட்டுப் போனார்கள். கடைசியில் என்னைக் கூப்பிட்டார்கள். மூன்று நிமிடம்.

“பன்னிரண்டாம் அத்தியாயத்தை நிறுத்த முடியுமா சார்?” என்றேன்.

“முடியும். அச்சுக்குப் போகவில்லை. வேறு கதை வைத்திருக்கிறேன்” என்றார் ஆசிரியர். “ஏன்?”

அந்த ‘ஏன்’ என்ற இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். எங்கள் கோடவுனில் நடப்பதைத்தான் எழுதிவிட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. கற்பனை வறண்டவன் என்று நினைப்பாரே என்று. “கொஞ்சம் திருத்தலாமா என்று…” என்று இழுத்தேன்.

“ஒரு வரி திருத்த வேண்டாம். பன்னிரண்டு வாரமாக நான் காத்திருந்தது இதற்குத்தான். இப்போதுதான் உங்கள் நகரத்தில் ஆட்கள் குடிவந்திருக்கிறார்கள். நிறுத்தட்டுமா, போடட்டுமா? சீக்கிரம் சொல்லுங்கள்.”

நடுவில் ஆபரேட்டர் நேரம் முடியப்போவதாகச் சொன்னாள். மேனேஜருக்குப் புரியாது என்று நினைத்தேன். புரிந்தாலும் கதை என்று எடுத்துக்கொள்வார் என்று நினைத்தேன். பிலோமினாவையோ மாடத்தியக்காவையோ அந்த நேரத்தில் நான் நினைக்கவில்லை, இதுதான் உண்மை. ஆசிரியர் பாராட்டியது மட்டும்தான் காதில் இருந்தது.

“அப்படியே போடுங்கள்” என்றேன்.

இந்த இரண்டு வார்த்தைகளுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒடுக்கப்பட்டவர்களைப் பற்றி எழுதுவதால் நாம் அவர்கள் பக்கம் இருக்கிறோம் என்று நினைத்துவிடுகிறோம். ஒருவர் ஒளிந்துகொண்டிருக்கும் இடம் உங்களுக்குத் தெரிந்தால் அதை எழுதாதீர்கள். எவ்வளவு அழகாக வந்தாலும் அவர்கள் பத்திரமாக வெளியே வரும்வரை எழுதாதீர்கள். ஆசிரியர் பாராட்டினாலும் கிழித்துப் போடுங்கள். இதை எனக்கு அப்போது யாராவது சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனா என்று தெரியவில்லை.

இதழ் வந்தது. மேனேஜர் படித்தார். என்னைக் கூப்பிடவில்லை. அவரே வாசலுக்கு வந்தார். “நல்ல அத்தியாயம்” என்றார். வாசலில் காத்து நின்ற பெண்களுக்கும் அது கேட்டது. முகத்தில் கோபமில்லை, அடிபட்ட மாதிரி இருந்தது. நோட்டை எடுத்து ஒரு பக்கம் புரட்டினார், மூடினார். அன்றிலிருந்து அந்த மேசையில் அவரே உட்கார்ந்தார். கையிலிருந்த கடிகாரத்தைக் கழற்றி முன்னால் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு தகட்டையும் வாங்கி, எண்ணைப் பார்த்து, ஆளைப் பார்த்து எழுதினார். என்னை உள்ளே மூட்டைக் கணக்குக்கு அனுப்பிவிட்டார்.

மாடத்தியக்கா இரண்டு நாள் தாக்குப் பிடித்தார். வியாழக்கிழமை மூன்றாவது கோடு விழுந்தது. திங்கட்கிழமை காலையில் வழக்கம்போல வந்தார், பலகைக்கு முன்னால் நின்றார். அவருடைய ஒன்பதாம் ஆணி வெறுமனே இருந்தது. யாரும் திட்டவில்லை, யாரும் விரட்டவில்லை. நான் பெருமைப்பட்ட வரி என் கண்முன்னால் நடந்தது. அவர் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போனார். மத்தியானம் பழக்க தோஷத்தில் இதழைக் கையில் எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். பிலோமினா தன் இலையை எடுத்துக்கொண்டு மறுபுறம் திரும்பி உட்கார்ந்தாள். பிறகு எல்லோரும் திரும்பிக்கொண்டார்கள்.

வேலையை விட்டுவிட்டேனா என்று கேட்பீர்கள். விடவில்லை. எண்பதுகளிலும் நாலு வருஷம் அங்கேதான் இருந்தேன். கப்பல் வந்தது, சரக்கு நேரத்துக்கு ஏறியது, பலகையும் வருஷக்கணக்கில் இருந்தது. ‘நிமிட நகரம்’ இருபது வாரம் ஓடியது. கடைசி அத்தியாயத்தில் கதாநாயகன் பெருங்கணக்கனை உடைத்து நொறுக்குகிறான். தகடுகளெல்லாம் தெருவில் உருள்கின்றன, மக்கள் கைகோத்துக்கொண்டு சூரியனைப் பார்க்கிறார்கள். உடைக்கும் இடத்தை மூன்று பக்கம் எழுதினேன். எனக்கு இருந்த ஆத்திரமெல்லாம் அதில் போயிற்று. மகத்தான முடிவு என்று கடிதங்கள் வந்தன. புத்தகமாகவும் வந்தது.

மாடத்தியக்கா தோப்பும்படியில் செம்மீன், அதாவது இறால், உரிக்கும் ஷெட்டில் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். போக மனம் வராமல் ஒரு மாதம் தள்ளினேன். கடைசி அத்தியாயம் வந்த இதழை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன் என்று சொன்னால் முழு உண்மை ஆகாது. அந்த முடிவை அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்றும் எனக்கு இருந்தது. அதைக் கேட்டால் அவருக்குக் கொஞ்சம் ஆறும் என்று நினைத்தேன். எவ்வளவு மடத்தனம் பாருங்கள்.

ஷெட்டின் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே வந்தார். ஐஸ் தண்ணீரில் இருந்து இருந்து விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டார். என்னைக் கண்டு முகம் சுளிக்கவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

“தப்பு பண்ணிட்டேங்க்கா. அந்த அத்தியாயத்த நிறுத்தியிருக்கலாம். நான்தான் போடச் சொன்னேன்.”

“கதையில வந்துச்சுன்னு பிலோமினா சொன்னா” என்றார். அவ்வளவுதான். கையிலிருந்த இதழைப் பார்த்து, “கத முடிஞ்சுதா? வாசிங்க” என்றார்.

நின்றபடியே வாசித்தேன். தலைசாய்த்துக் கேட்டார். பெருங்கணக்கன் உடையும் இடத்தில் லேசாகச் சிரித்தார். கைகோத்துக்கொண்டு சூரியனைப் பார்க்கும் இடம் முடிந்ததும் பத்திரிகையை மூடினேன். அவர் இன்னும் இருக்கிறது என்பது போல என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவ்வளவுதாங்க்கா.”

“அதுக்கப்புறம்?”

“அப்புறம் ஒண்ணுமில்ல. மெஷின் ஒடஞ்சு போச்சு. எல்லாருக்கும் விடுதல.”

“அது சரி தம்பி. மறுநாள் திங்கக்கிழமையில்ல? அவங்கல்லாம் எங்க வேலைக்குப் போனாங்க?”

நான் பத்திரிகையைப் புரட்டினேன், பதில் அங்கே எழுதியிருப்பதுபோல.

உள்ளேயிருந்து யாரோ அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். மாடத்தியக்கா கதவைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

“யோசிச்சு எழுதிட்டு வாங்க. இப்ப நான் போகட்டும், அஞ்சு நிமிஷம்தான் தந்திருக்கு.”